மெயின் பாடி நூறு சதவீதம் காட்டன்

யூனிஃபார்ம் கடையில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டையின் முன்பக்கம் சட்டையே இல்லை. இடது பக்கத் தையலுக்குள், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் அகலத்தில் தொங்குகிற லேபிள்தான் எங்களுக்குச் சட்டை.

ஜோகுபாளையத்தில், பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் எங்கள் கடை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வாட்ச்மேன், ஓட்டல் என்று யார் எந்த வேஷம் கட்டினாலும் துணி எங்களிடம் கிடைக்கும். முதலாளி மஞ்சுநாத் சார் கன்னடக்காரர். தமிழும் எங்களுக்குச் சமமாகப் பேசுவார். பின்கட்டில் தையல் மெஷினோடு ஹமீத் பாய். கவுன்டரில் நான், புஷ்பா.

நீங்களும் என்னைப் போல அவஸ்தைப்பட்டவராகத்தான் இருப்பீர்கள். காட்டன் என்று நம்பி வாங்கிய சட்டை மே மாத வெயிலில் முதுகோடு ஒட்டியிருக்கும். கம்பளி என்று வாங்கிய ஸ்வெட்டர் பிள்ளையின் தலையைத் தாண்டும்போது படபடவென்று பொறி விட்டிருக்கும். அப்போதுதான் லேபிளைப் புரட்டுவீர்கள். அதில் இருக்கிற எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடுவீர்கள். தேடிப் படித்த பிறகு, படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

எனக்கு லேபிள் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என் தம்பி அருள். கோலார் தங்கவயலிலிருந்து நான் முதலில் வந்தேன், அவன் பின்னால் வந்து என்னோடு தங்கிக்கொண்டான். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிற பெரிய சமையல்கூடம் ஒன்றில், மகாதேவபுரா பக்கம், பொரிக்கிற இடத்தில் நிற்கிறான். காலையிலிருந்து அவனுக்கு முன்னால் கொதிக்கிற எண்ணெயும் அதற்குக் கீழே தீயும்தான். அவன் முதலில் வேலை பார்த்த ஓட்டலில் கூட நின்றவருடைய சட்டையில் தீப்பிடித்துக்கொண்டது. பாலியஸ்டர் சட்டை. பாலியஸ்டர் காகிதம் மாதிரி எரிந்து போய்விடாது, உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் துணியையும் தோலையும் பிரிக்கப் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு வந்த அருள், அன்றைக்கு என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதிலிருந்து அவன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற எதுவும் என் கண்ணைத் தாண்டாமல் போகாது. காட்டனில் தீப்பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. பிடிக்கும். ஆனால் தட்டி அணைக்கவோ கழற்றி எறியவோ விடும்.

கத்தரிக்கு இரையானது

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கடையில் நிற்க இடமில்லை. ஒருவர் மகனையும் மகனின் பழைய வெள்ளைச் சட்டையையும் கொண்டுவந்தார். போன வருஷம் எங்களிடம் வாங்கியதாம், பிள்ளைக்கு ஒத்துக்கொண்டதாம். இந்த வருஷம் வேறு கடையில் வாங்கியது உடம்பெல்லாம் அரிக்கிறதாம். "அதே துணி வேணும் மேடம். அதேதான்" என்றார்.

பழைய சட்டையைப் புரட்டினேன். லேபிள் இருந்த இடத்தில் இரண்டு நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. எங்களிடம் வெள்ளைச் சட்டை மூன்று விதம் உண்டு, மூன்றும் தொட்டால் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும். எதைக் கொடுத்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டிலேயே இந்த வியாதி உண்டு. அருள் புதுச் சட்டை வாங்கினால் முதல் காரியமாகக் கத்தரியை எடுப்பான். கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் போட்டுப் பார்ப்பான். இதற்காக நாங்கள் போட்ட சண்டையை எங்கள் தெருவே கேட்டிருக்கிறது. அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, லேபிளை ஏன் சார் வெட்டினீங்க என்று கேட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அதை வெட்டினப்புறந்தான் மேடம் அரிப்பே நின்னுது. துணி நல்ல துணிதான், லேபிள்தான் சரியில்ல."

நூற்றைந்து சதவீதம்

லேபிளுக்கு இரண்டே விதி. எந்த நூல் அதிகமோ அது முதலில் வர வேண்டும். எல்லாம் கூட்டினால் நூறு வர வேண்டும். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக வந்த நீலப் பேன்ட் ஒன்றில் பாலியஸ்டர் அறுபத்தைந்து, விஸ்கோஸ் நாற்பது என்று இருந்தது. நான் மனதில் கூட்டினேன். பிறகு விரல் விட்டுக் கூட்டினேன். மஞ்சுநாத் சார் கால்குலேட்டரை எடுத்தார். ஹமீத் பாய் பின்கட்டிலிருந்து எழுந்து வந்து சுவரில் சாக்பீஸால் கூட்டினார். மூன்று பேருக்கும் நூற்றைந்துதான் வந்தது.

பேன்ட் தைத்து அனுப்புகிற இடத்துக்குச் சார் ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஸ்கோஸ் முப்பத்தைந்தா, பாலியஸ்டர் அறுபதா, எது சரி என்று கேட்டோம். அந்தப் பக்கம் இருந்தவர் யாரையோ கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். நடுவில் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. பேன்ட் கிழிந்ததா, சாயம் போனதா, அளவு குறைந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். எதுவும் இல்லை என்றோம். கடைசியில் முதலில் பேசியவரே திரும்பி வந்தார். எங்கள் குறை என்னவென்று அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை, பாவம்.

"குறைச்சலா இருந்தா நீங்க சண்டை போடலாம் சார். கூடத்தானே இருக்குது?"

கசங்காத சட்டை

காக்ஸ் டவுனில் ஒரு அப்பார்ட்மென்ட். அதன் சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற வாத்தியார். வாட்ச்மேனுக்குச் சட்டை எடுக்க வாட்ச்மேனையே ஆட்டோவில் கூட்டிவந்தார். அந்த மட்டில் நல்ல மனிதர். வாட்ச்மேன் ஆனேக்கல்காரர், முனியப்பா என்று பெயர். அளவெடுக்கக் கையை விரித்தவர் இறக்க மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

வெயிலில் நிற்கிற வேலை, காட்டன்தான் வேண்டும் என்றார் வாத்தியார். ஒரு சட்டையின் முன்னால் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பெரிய எழுத்தில் 'காட்டன் ரிச்', அதாவது காட்டன் நிறைய, என்று போட்டிருந்தது. நான் சட்டையைப் புரட்டி உள்ளே இருந்ததைக் காட்டினேன். பாலியஸ்டர் அறுபது, காட்டன் நாற்பது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பரீட்சைத் தாளில் இப்படி எழுதினால் முட்டை போட்டிருப்பேன் என்றார்.

சரி என்று சுத்தமான காட்டன் சட்டையை எடுத்துப் போட்டேன். முனியப்பா அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். முதுகுப்பக்கம் கடலை மடித்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. வாத்தியாருக்கு மனசு மாறியது. கேட்டில் நிற்கிறவன் இப்படியா நிற்பது, அந்த அறுபது நாற்பதே இருக்கட்டும், அது கசங்காதில்லையா என்று என்னிடம் கேட்டார். கசங்காதுதான் என்று நானும் சொல்லிவிட்டேன், பொய்யில்லையே. கடைசியில் கடையை விட்டுப் போனது என்னவோ காட்டன் சட்டைதான். அதுவரை வாயே திறக்காத முனியப்பா, விரித்த கையை மெதுவாக இறக்கிக்கொண்டே சொன்னது காரணம்.

"சட்டை கசங்காது சார். உள்ள நிக்கிற நான் கசங்கிடுவேன்."

ஹமீத் பாயின் தீக்குச்சி

லேபிளை நம்பாதவர்களுக்கு எங்கள் கடையில் தீக்குச்சி உண்டு. ஹமீத் பாய் துணியிலிருந்து ஒரு நூலை உருவி, வாசலுக்குப் போய், பழைய டப்பா மூடி மேல் வைத்துக் கொளுத்துவார். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறினதும் கடுகு மாதிரி உருண்டையாக நிற்கும். இரண்டும் கலந்த துணி இரண்டும் செய்யும். எத்தனை சதவீதம் என்று தீக்குச்சி சொல்லாது. உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லும்.

நூலை எப்போதும் சட்டையின் கீழ் மடிப்பிலிருந்துதான் பாய் உருவுவார். அங்கே எடுத்தால் யாருக்கும் தெரியாது, துணி விற்காமல் போகாது. யூனிஃபார்ம் கடைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீக்குச்சிப் பரீட்சையை எங்கோ வீடியோவில் பார்த்துவிட்டு, ஈரோட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு ஐ.டி. தம்பி வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார். மறுநாள் ஆபீசில் ஏதோ மேடையில் பேச வேண்டுமாம். போட்டுக்கொள்ள வாங்கிய கோட்டு நிஜமாகவே கம்பளிதானா என்று சந்தேகம். கோட்டைக் கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். விரித்தால், பட்டனுக்குப் பக்கத்தில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கறுப்பு உருண்டைகள். பாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பாலியஸ்டர் என்று அனுதாபத்தோடு சொன்னார். உள்மடிப்பிலிருந்து துணி வெட்டி ஒட்டுப் போட்டு, அதன் மேல் கம்பெனி சின்னத்தை வைத்துத் தைத்துக் காப்பாற்றியும் கொடுத்தார். ஒரு நூலை எடுத்துக் கொளுத்தச் சொல்லியிருப்பார்களே தம்பி என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

"நூலைத் தேடினேங்க்கா. ஆரம்பம் எங்கன்னே தெரியல."

மெரூன் கஃப்

அருள் வேலை செய்கிற சமையல்கூடத்துக்கு, சமையல்காரர்கள் போடுகிற கோட்டு தைக்கிற ஆர்டர் எங்கள் கடைக்கே வந்தபோது நான் பட்ட சந்தோஷத்தை எழுதினால் பக்கம் போதாது. இனிமேல் அவன் சட்டை மட்டுமில்லை, அவனோடு நிற்கிற எல்லாருடைய சட்டையும் என் கையைத் தாண்டித்தானே போகும். பர்ச்சேஸ் மேனேஜர் கார்த்திக் சேலத்துப் பையன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலந்தான், எதற்கும் தலையாட்டாமல் கேள்வி கேட்பார். நூறு சதவீதம் காட்டன் தவிர வேறு எதுவும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று நான் சொன்னதும் மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்.

தைத்துக் கொடுக்கிற இடத்திலிருந்து சாம்பிள் கோட்டு வந்தது. முழு வெள்ளை. லேபிளில் காட்டன் நூறு. பாய் கீழ் மடிப்பில் நூல் உருவி வாசலில் கொளுத்தினார். சாம்பல். எனக்காக இன்னொரு தடவை கொளுத்தினார். சாம்பல். சரி என்று சொல்லி அனுப்பினோம். அதற்குப் பிறகு கார்த்திக் வந்து ஒன்றே ஒன்று மாற்றச் சொன்னார். கை நுனியில் மடித்துவிடுகிற கஃப் மட்டும் மெரூன் நிறத்தில் வேண்டும். சின்ன விஷயம்தானே என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டோம். சரக்கு வந்தது, பாய் வழக்கம் போலக் கீழ் மடிப்பில் ஒரு நூல் எடுத்தார், சாம்பல், சாம்பிளில் பார்த்த லேபிள்தானே என்று நானும் புரட்டவில்லை, மூட்டை போய்ச் சேர்ந்தது.

அருள் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த மெரூன் எதற்கு என்று மஞ்சுநாத் சார் கேட்டிருந்தபோது கார்த்திக் சொன்ன விளக்கத்தை நாங்கள் எல்லாருமே ரசித்தோம்.

"முழு வெள்ளைன்னா ஊசி போட வர்ற மாதிரி இருக்கு சார். கையில ஒரு கலர் வந்தாத்தான் சாப்பாடு போட வர்ற மாதிரி இருக்கும்."

ஒரு வார்த்தை கூடுதல்

ஒரு சமையல்காரருக்குக் கோட்டு இறுக்கமாக இருந்ததால் மாற்றக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். காலை நேரம், கடையில் கூட்டமில்லை. பெரிய அளவை எடுத்து வைத்துவிட்டு, திரும்பி வந்ததை மடித்தேன். கை தானாக இடது பக்கத் தையலுக்குப் போனது. பழக்க தோஷம்.

'மெயின் பாடி: காட்டன் 100%' என்று இருந்தது. சாம்பிளில் வெறும் காட்டன் நூறு என்றுதான் இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முழுக் கோட்டும் ஒரே துணி என்றால் எந்தக் கம்பெனியும் மெயின் பாடி என்று தனியாக அச்சடிக்காது. அப்படிப் போட்டால், மெயின் இல்லாத ஏதோ ஒன்று வேறு துணி என்று அர்த்தம். அதைச் சொல்லாமல் விடுவதற்கு இது ஒரு வழி. பொய்யும் இல்லை, முழுதும் சொன்னதாகவும் இல்லை. கோட்டைப் புரட்டினேன். வெள்ளை முழுக்க வெள்ளை. வேறாக இருந்தது அந்த மெரூன் மட்டும்தான்.

கோட்டைக் கொண்டுபோய்ப் பாயின் மெஷின் மேல் வைத்துக் கஃபைத் தொட்டுக் காட்டினேன். அவர் நூலை உருவி, வாசலுக்குக்கூடப் போகாமல் அங்கேயே கொளுத்தினார். சுருண்டது. உருகியது. ஆறினதும் கறுப்பாக ஒரு கடுகு. அடிக்கடி வெளுத்தாலும் சாயம் போகாது என்று அந்தத் துணியைப் போட்டிருக்கிறார்கள். தீக்கு எல்லாவற்றையும் விடப் பக்கத்தில் போகிறது கை நுனிதான். அங்கே போய் உருகுகிற துணி.

அருளுக்கு ஃபோன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்படியில் ஃபோன் கூடாது, எல்லாருடையதும் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். கார்த்திக் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வெட்டிவிட்டார். சமையல்கூடத்தின் பொது எண்ணில் யாரோ எடுத்து, மதிய ஆர்டர் முடிந்ததா என்று திருப்பிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அருளோடு ஓட்டலில் நின்றவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கதைதான் கண் முன்னால் நின்றது. மஞ்சுநாத் சார் கடுகு மாதிரி இருந்த அந்த உருண்டையை விரலால் நசுக்கிப் பார்த்தார். அது நசுங்கவில்லை. எங்கள் கடைக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர் அது, நாமே போய்ச் சரியில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா. அவர் எழுந்து, கடையில் இருந்த எல்லாக் கத்தரியையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஷட்டரை இழுத்தார்.

"ஆர்டர் ஹோதரே ஹோகலி, போனா போகட்டும். நீ மொதல்ல ஆட்டோல ஏறும்மா."

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்

கே.ஆர்.புரம் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நிற்கிற நிற்பு உங்களுக்குத் தெரியும். ஆட்டோவில் நான் நடுவில், இரண்டு பக்கமும் பாயும் சாரும். நான் வேண்டாத சாமி இல்லை. மாதாவிடம் ஆரம்பித்து, வழியில் தெரிந்த கோயில், தர்கா எதையும் விடவில்லை. பாய் ஒரு தடவை, ஒன்றும் ஆகாது சிஸ்டர் என்றார். அதை நம்பித்தான் மீதி வழியைக் கடந்தேன்.

கேட்டில் நிறுத்திவிட்டார்கள். தலைக்கு வலை மாட்டாமல் உள்ளே விட முடியாதாம். எனக்கு மாட்டினார்கள். பாய்க்குத் தொப்பி மேலேயே மாட்டினார்கள். மஞ்சுநாத் சார் வழுக்கைத் தலை, அவருக்கும் மாட்டினார்கள். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். உள்ளே புகையும் ஆவியும். அடுப்பு வரிசையில் நிற்கிறவர்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். மெரூன், மெரூன், மெரூன். கடைசிச் சட்டிக்கு முன்னால் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவனின் கையில் மெரூன் இல்லை.

அருளேதான். இரண்டு கஃபையும் அடியோடு வெட்டி எடுத்திருந்தான். வெட்டின இடம் கோணல்மாணலாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வலது கை ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது. என்னடா இது என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். காலையில் கனமான சட்டியை நகர்த்தும்போது தீ எட்டிப் பிடித்ததாம். தட்டினானாம், அணைந்துவிட்டதாம். தோலைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மணிக்கட்டில் முடி கொஞ்சம் பொசுங்கியிருந்தது, அவ்வளவுதான். வெட்டாமல் விட்டிருந்தால் அந்தத் தீ பிடித்த இடத்தில் கஃப்தான் இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவன் முதுகில் நாலு அடியும் போட்டேன். எத்தனையோ லேபிளுக்காக நான் திட்டித் தீர்த்த அந்தக் கத்தரிப் புத்திக்கு அன்றைக்குக் கோயில் கட்டியிருப்பேன். ஏன்டா வெட்டினே என்று கேட்டபோது, நான் எதற்காகவோ திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவன் கரண்டியோடு ஒரு அடி பின்னால் போனான்.

"மாவுல தோய்ஞ்சுக்கிட்டே இருந்துச்சுக்கா. வீட்ல சொன்னா நீ கத்துவேன்னுதான் இங்க வந்து வெட்டினேன்."

கத்தரிப் படை

அதற்குள் கார்த்திக் மீட்டிங்கிலிருந்து ஓடிவந்துவிட்டார். பாய் அவர் முன்னால் ஒரு மெரூன் நூலைக் கொளுத்தினார். கார்த்திக்குக்கு முகம் வெளுத்துவிட்டது. நான்தானே கலர் கேட்டேன் என்றார். நாங்கள்தானே சரி என்றோம் என்றார் மஞ்சுநாத் சார். யார் மேல் தப்பு என்று பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எல்லாரும் அடுப்பைத் தணித்தார்கள். மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கத்தரியாக, வரிசையாக வந்து நின்ற கோட்டுகளின் கஃபை வெட்டினோம். வெட்டின ஓரத்தை உள்பக்கமாக இரண்டு சுற்று மடித்துவிட்டோம். சாப்பாடு அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனது. எந்த அலுவலகமும் அதற்காக இடிந்து விழவில்லை.

ஆர்டரும் போகவில்லை. கஃப் இல்லாமல் எல்லாக் கோட்டுக்கும் கை நுனியைக் காட்டன் நூலில் தைத்துக் கொடுத்தோம். தைத்து அனுப்பினவர்களிடம் சார் பேசி, இனி வருகிற லேபிளில் பாடி, கை, கஃப், காலர் என்று தனித்தனியாகப் போடச் சொல்லிவிட்டார். அவர்களும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். பாய் இப்போது கீழ் மடிப்போடு நிறுத்துவதில்லை. எங்கெங்கே நிறம் மாறுகிறதோ அங்கெல்லாம் ஒரு நூல் எடுத்துவிடுகிறார். எங்கள் வாசல் எப்போதும் லேசாகப் பொசுங்கல் வாசனை அடிக்கிறது, பக்கத்துப் பேக்கரிக்காரர் தன் ரொட்டியைத்தான் சந்தேகப்படுகிறார்.

கார்த்திக்கைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த சாம்பிள் பார்க்கக் கடைக்கு வந்தவர் கோட்டை உள்ளும் புறமுமாகப் புரட்டினார். பாடி காட்டனா என்றார். காட்டன் என்றேன். காலர்? காட்டன். தைத்த நூல்? அதுவும் காட்டன்தான், பாய் தன் கையாலேயே கொளுத்திப் பார்த்துவிட்டார் என்றேன். அப்பாடா என்று நிமிர்ந்தார். பிறகு மறுபடி குனிந்து ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார். அவர் கேட்டது வேடிக்கைக்காக இல்லை, முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

"அக்கா, இந்தப் பட்டன் என்ன துணி?"

லேபிளை வெட்டாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற நான், என் வீட்டில் மட்டும் நல்ல கத்தரி ஒன்றைத் தம்பியின் கைக்கு எட்டும் இடத்திலேயே ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன்.